தறி நின்ன நேரம்

சங்கரன்கோவில்ல தறிக்காரத் தெருவுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு உண்டும். பேரு ‘தெருத் தண்ணி’. பேருலதான் தண்ணி. குப்பை வண்டி வந்துட்டா, கரண்டு எப்ப வரும், நாய்க்கடிக்கு எந்த ஆஸ்பத்திரியில ஊசி இருக்கு, ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்கு எந்தப் பக்கமா ஆட்டோவ உள்ள விடுவாங்க, எல்லாப் பஞ்சாயத்தும் அதுக்குள்ளதான்.

மகாராஜன் அந்தத் தெருக்காரன். இப்பம் இருக்கது சார்ஜாவுல, ஒரு லாண்டரியில துணி தேய்க்க வேலை. ரூம்ல பக்கத்துக் கட்டில்ல படுக்கவன் பேரு என்னன்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லுவான். தறிக்காரத் தெருவுல எந்த வீட்டுல சிலிண்டர் தீந்திருக்குன்னு கேளுங்க, டக்குன்னு சொல்லிப்புடுவான். அம்புட்டுக்கு அந்தக் குரூப்ப விடாமப் படிப்பான்.

குரூப்ப ஆரம்பிச்சது ஜரினாக்கா. கடையநல்லூர்ல இருந்து வாக்கப்பட்டு வந்தவ. புருசன் முகம்மது மைதீன் நூல் எடுக்க, கடைக்குச் சேலை போடன்னு பாதி நாள் வெளியூர்லதான். வீட்டை ஒட்டி இருக்க தறிக்கூடம், அதுல ஓடுத விசைத்தறி, வேலை பாக்குத ஆளுக, அம்புட்டையும் கட்டி மேய்க்கது அக்காதான். அதுக்கு நடுவுல குரூப்பையும் மேய்ச்சுக்கிடுவா. யாராவது ரோசாப்பூ படத்தைப் போட்டு ‘இனிய காலை வணக்கம்’னு அனுப்பிட்டா, உடனே வாய்ஸ்ல வருவா. “அண்ணாச்சி, பூ ரொம்ப நல்லாருக்கு. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா எரியாத தெருவிளக்கு எரியுமா?” சிரிச்சுக்கிட்டேதான் கேப்பா. ஆனா மறுநாள் ரோசாப்பூ வராது.

தண்ணி தினம் வராது. வர்ற அன்னைக்கு, மொதல்ல பாக்குதவங்க குரூப்புல ஒரு குடம் படத்தைப் போட்டுரணும். அதுதான் அந்தத் தெரு வழக்கம். குடம் விழுந்துட்டுன்னா குளிச்சுக்கிட்டு இருக்கவங்ககூட பாதியில துண்டைச் சுத்திக்கிட்டு ஓடியாந்துருவாங்க.

மகாராஜன் வீடு தெருவோட கடைசி வீடு. அங்கன இருக்கது அவன் பொண்டாட்டி பொன்செல்வி மட்டுந்தான். மக காவியா நாகர்கோவில்ல நர்சிங் படிக்கா, ஹாஸ்டல்ல இருக்கா. செல்விக்கு இப்பத்தான் கர்ப்பப்பை எடுத்து ஆபரேசன் ஆயிருக்கு. டாக்டரம்மா, ‘குடத்தைத் தொடவே கூடாது, தையல் விட்டுப்போவும்’னு கண்டிசனா சொல்லி அனுப்பிச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் கடைசி வீட்டுக்குத் தண்ணி வரது நின்னுபோச்சு. குரூப்புல குடம் விழும். தெரு பூராம் பிடிக்கும். செல்வி வீட்டுப் பைப்புல மட்டும் நூல் மாதிரி கொஞ்சம் ஒழுகிட்டு நின்னுரும். இதை அவ மகாராஜன்ட்ட சொல்லவே இல்ல. அவனுக்குத் தெரிஞ்சது குரூப்புல இருந்துதான். ஆட்டோ ஓட்டுத பாண்டிராஜ் ஒருநாள் பக்கத்துத் தெரு அடிபைப்பை போட்டோ எடுத்து, ‘சிலாப்பு ஒடஞ்சு கெடக்கு, யாராவது காலை விட்டுராதீங்க’ன்னு போட்டிருந்தான். மகாராஜன் படத்தைப் பெருசாக்கிப் பாத்தான். ஓரத்துல, இடுப்புல குடத்தோட, ஒரு கையால அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போறது செல்வி.

உடனே போனைப் போட்டான்.

“ஏட்டி, அடிபைப்புல என்ன செய்த?”

“எந்த அடிபைப்புல?”

“போட்டோவுல பாத்துட்டேன். பொய் சொல்லாத.”

“அரைக்குடந்தாங்க.”

“முழுக்குடம் தூக்காத, அரைக்குடம் தூக்கலாம்னா டாக்டரம்மா சொல்லிச்சு? குடத்தையே தொடாதன்னுல்லா சொல்லிச்சு!”

“ஆபரேசன் பண்ண வயிறு குடிக்கத் தண்ணி கேக்காதா?”

“கேன் தண்ணி வாங்கேம்ட்டி.”

“குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாத்துக்கும் கேனா? வாங்குனாலும் கேனைத் தூக்கிக் கவுக்கது யாரு? தினம் ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னு, கொஞ்சம் தூக்கித் தாங்கன்னு கேக்க எனக்கு ஒருமாதிரி இருக்குங்க.” அப்புறம் மெதுவா சொன்னா, “நேத்து லேசா ரத்தம் பட்டுச்சு. பயப்படாதீங்க, லேசாத்தான்.”

மகாராஜன் போனை வச்சுட்டு நேரா குரூப்புக்குப் போனான். ‘கடைசி வீட்டுக்குத் தண்ணி வரல. யாரோ லைன்ல மோட்டார் போட்டு உறியுதீங்க. என் வீட்டுக்காரி ஆபரேசன் பண்ண உடம்போட குடம் தூக்குதா. மனசாட்சி இருந்தா நிப்பாட்டுங்க.’

தெருப் பைப்புல நேரா மோட்டாரை மாட்டிட்டா வர்ற தண்ணிய அதுவே உறிஞ்சு மேல்தொட்டிக்கு ஏத்திரும். பின்னால இருக்க வீட்டுக்கு வெறும் காத்துதான் வரும். எல்லாருக்கும் தெரிஞ்ச கத. யாரு போடுதாங்கதுதான் தெரியாது. ஏன்னா தறிச்சத்தம். காலையில இருந்து ‘சடக்கு சடக்கு’ன்னு தெருவே அதிரும். அதுக்குள்ள மோட்டார் சத்தத்தை எங்கன போய்த் தேட?

மொத ஆளா வந்தது சங்கரலிங்கம் அண்ணாச்சி. தெரு தொடக்கத்துல மாடி வீடு. அரிசிக்கடைய மகன்ட்ட விட்டுட்டு இப்பம் முழுநேரமும் போனோட இருக்காவ. வாய்ஸ் போட்டாவ. “மோட்டார் போடுதவன் மனுசனே கெடையாது தம்பி! ஒரு பொம்பளப் பிள்ள கஷ்டப்படுது, கேக்கவே வயிறு எரியுது. நல்லா யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்கு எம்புட்டுத் தண்ணி வேணும்? தறிக்கூடத்துக்கு எம்புட்டு வேணும்? நூலு நனைக்கணும், கஞ்சி போடணும். நான் யாரையும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

சொல்லாமச் சொன்னது தெருவுக்கே புரிஞ்சிட்டு. மகாராஜன் இருந்த கோவத்துல யோசிக்கவே இல்ல. அந்த வாய்ஸுக்குக் கீழ ஒரு கட்டைவெரலைப் போட்டுட்டான்.

சாயந்திரம் ஜரினாக்கா வாய்ஸ் வந்துச்சு. பின்னால தறி ஓடுது. அக்கா குரல்ல ஒரு சூடும் இல்ல. “அண்ணாச்சி, எங்களுக்கு நூலு கஞ்சி போட்டேதான் வருது. ஆனா சந்தேகம்னு வந்துட்டா அதைத் தீக்கணும்லா? அடுத்தால குடம் விழுந்ததும் நான் தறி பூராத்தையும் நிப்பாட்டிப்புடுதேன். எல்லாரும் அவங்கவங்க வாசல்ல வந்து நில்லுங்க. எங்க கூடத்துக்குள்ள யாரு வேணும்னாலும் வந்து பாத்துக்கிடலாம். செல்வி, நீ குடத்தைத் தொடாத, என்னட்டி? உனக்கு வேண்டியதை இப்பம் ரூபியாட்ட குடுத்துவிடுதேன்.” ரூபியா அவ மக.

அன்னைக்கு ராத்திரி சோறு வடிக்க முன்னாலேயே ரூபியா ரெண்டு குடம் கொண்டுபோய் அடுக்களையில எறக்கி வச்சுட்டு வந்திருக்கு. செல்வி சொன்னப்ப, போட்ட கட்டைவெரலு மகாராஜனுக்கு முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு. ஆனா எடுக்கவும் முடியல. எடுத்தா அதையும் எல்லாரும் பாப்பாங்க.

அடுத்த குடம் விழுந்தப்ப மகாராஜன் கம்பெனி பஸ்சுல வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தான். ஊர்ல நல்லா விடிஞ்சு, பிள்ளைக பள்ளிக்கூடம் போன நேரம். ஜரினாக்காட்ட இருந்து ஒரு வாய்ஸ் வந்துச்சு. இயர்போனை மாட்டினான்.

பேச்சே இல்ல. மொதல்ல தறிச்சத்தம். அப்புறம் ஒவ்வொரு தறியா நிக்குது. கடைசித் தறியும் நின்னதும், கரண்டு இருக்க நேரத்துல பொறந்ததுல இருந்து அவன் கேக்காத ஒண்ணு கேட்டுச்சு. தறிக்காரத் தெரு சும்மா இருக்கு. காக்கா கத்துது. எங்கனயோ ஒரு குக்கர் விசில் அடிக்கி. அக்கா நடந்து போற செருப்புச் சத்தம். அப்புறம், ‘உம்ம்ம்ம்’னு ஒரு மோட்டார். நாலு எட்டு தள்ளி இன்னொண்ணு. எதிர்த்தாப்புல மூணாவது.

அதுக்குக் கீழ ஜரினாக்கா ஒத்த வரி எழுதியிருந்தா. ‘எல்லாருக்கும் கேட்டுச்சா?’

அம்புட்டுத்தான். பேரு இல்ல, வீட்டு நம்பர் இல்ல.

மகாராஜன் பாண்டிராஜுக்குப் போன் போட்டான். அவன் சிரிப்புல பேச்சே வெளிய வரல.

“ஏலே மாராசா, நீ இருந்து பாத்திருக்கணும்லே! எல்லாரும் குடத்தோட வாசல்ல நிக்கோம். நம்ம சங்கரலிங்கம் அண்ணாச்சி வெள்ள வேட்டி கட்டி, ஜரினாக்கா வீட்டையே பாத்துக்கிட்டு நிக்காவ, அங்கனதான் மோட்டார் இருக்கு போல. தறி நின்னுச்சு பாரு, அவிய வீட்டுக்குள்ள இருந்து ‘உம்ம்ம்’ங்குது! அண்ணாச்சி என்ன பண்ணுனாவ தெரியுமா? திரும்பி அவிய வீட்டையே பாக்காவலே, அது எவன் வீடோ மாதிரி!”

“தறி நிக்கப்போவுதுன்னு சொன்ன பெறகுமாலே போட்டாவ?”

“அதுதாம்லே கூத்து! மோட்டாருக்கு சத்தம் உண்டுங்கதே அவியளுக்கு மறந்துபோச்சு. இத்தன நாளா தறிச்சத்தத்துக்குள்ளயே போட்டுப் பழகிட்டு. வழக்கம்போல சுவிச்சைத் தட்டிட்டு வந்து வாசல்ல நின்னுட்டாவ. மத்த ரெண்டு வீடும் அப்படித்தான்.”

“ஜரினாக்கா என்ன சொன்னா?”

“ஒண்ணுமே சொல்லலலே. அண்ணாச்சி வாசல்ல கொஞ்ச நேரம் நின்னா. ‘வெயிலு இப்பமே அடிக்கி, என்ன அண்ணாச்சி’ன்னா. நடந்து போயிட்டா. அவ நாலு வீடு தாண்டல, டக்கு, டக்கு, டக்குன்னு மூணு மோட்டாரும் நின்னுபோச்சு.”

மகாராஜனுக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் ரத்தம் கொதிக்கி. செல்வி அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்த படம் கண்ணுக்குள்ளயே நிக்கி. பஸ்சுல இருந்தபடியே குரூப்புல எழுத ஆரம்பிச்சான். ‘மோட்டார் போடுதவன் மனுசனே இல்லன்னு சொன்ன பெரிய மனுசருக்கு’ன்னு தொடங்கி, இத்தன நாள் அடக்கி வச்சதெல்லாம் கொட்டுது. அனுப்பப்போற நேரம் ஜரினாக்கா போன் வந்துச்சு.

“என்ன தம்பி, குரூப்புல ‘மகாராஜன் டைப் செய்கிறார்’, ‘டைப் செய்கிறார்’னு காட்டிக்கிட்டே இருக்கு? ராமாயணமா எழுதுத?”

“அக்கா, அவர சும்மா விடச் சொல்லுதியளா? பழிய உங்க மேலல்லா போட்டாரு!”

“போட்டாவ. நீயுந்தான் அதுக்குக் கட்டைவெரல் காட்டுன.”

“அக்கா... அது வந்து...”

அக்கா சிரிச்சா. “விடு. செல்வி எங்கிட்டயும் சொன்னா. பொண்டாட்டிக்கு ரத்தம் பட்டிருக்குன்னு கேட்டா எந்த ஆம்பளைக்குத்தான் மூளை வேலை செய்யும்? இங்க பாரு தம்பி. நீ எழுதுனா நாளைக்கு அண்ணாச்சி குரூப்ப விட்டுப் போயிருவாவ. போனா மறுபடி மோட்டாரைப் போடுவாவ, யாரும் கேக்க முடியாது. இங்கனயே இருந்தா நம்ம கண்ணு முன்னால இருப்பாவ. உனக்கு அண்ணாச்சிய அசிங்கப்படுத்தணுமா, செல்விக்குத் தண்ணி வேணுமா?”

மகாராஜன் யோசிக்கவே இல்ல. “தண்ணிதான்க்கா.”

“அப்பம் அழிச்சிரு.”

அழிச்சான். ஒவ்வொரு எழுத்தா அழிக்கதுக்கு மனசு வரல, மொத்தமாப் பிடிச்சு அழிச்சான்.

அவன் வீட்டுக்கு வீடியோ போட்டப்ப பைப்புல தண்ணி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. செல்வி சேர் போட்டு உக்காந்திருக்கா. குழாயில இருந்து ஒரு பச்ச டியூப்பு, வாசல் தாண்டி, அடுக்களைக்குள்ள போய் டிரம்முல விழுது.

“டியூப்பு ஏதுட்டி?”

செல்வி குரலைத் தணிச்சா. “சங்கரலிங்கம் அண்ணாச்சி கொண்டாந்தாவங்க. மோட்டார்ல மாட்டியிருந்ததாத்தான் இருக்கும், வாயில இன்னும் கம்பி சுத்தியிருக்கு. ஒண்ணும் பேசல. மாட்டி, உள்ள கொண்டுபோய்ப் போட்டுட்டு, ‘இது இங்கனயே கெடக்கட்டும்மா’ன்னுட்டு வேட்டிய உதறிட்டுப் போயிட்டாவ. காப்பி குடிக்கியளான்னு கேக்கதுக்குள்ள ஆளக் காணும்.”

மகாராஜன் டிரம்முல தண்ணி விழுத சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தான்.

தறி சும்மா ஒருநாள் மட்டும் நின்னா அந்த மோட்டாரெல்லாம் திரும்பி வந்திரும்னு ஜரினாக்காவுக்குத் தெரியாதா? அன்னைக்கே குரூப்புல சொல்லிட்டா. இனிமே குடம் விழுந்தா தறி நிக்கும். கடைசி வீடு நெறஞ்ச பெறகுதான் ஓடும். தறி நின்னா அவளுக்கு நட்டம். தறியாளுக மொனங்குனாங்க. “டீ குடிச்சிட்டு வாங்க, ஒடம்புக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்லா”ன்னு கடைக்கு அனுப்பி வச்சிருக்கா, டீக்காசும் அவளே குடுத்து. தெருவுல இருக்க மத்த தறிக்காரரு காசிராஜன், அன்னைக்கு ஒருநாள் அக்கா கேட்டதுக்காக நிப்பாட்டுனவரு, இனிமே எப்பவும்னதும் மொதல்ல, “எனக்கென்ன தலைவிதியா?”ன்னு கேட்டாராம். “உங்க வீட்டுக்கு முந்துன வீட்டுல உறிஞ்சா உங்களுக்கும்தான் வராது, தெரியும்லா?”ன்னு அக்கா கேட்டதும் அவரும் நிப்பாட்டிட்டாரு.

இன்னொண்ணும் சொன்னா. “கடைசி வீடு நெறஞ்சிட்டான்னு மகாராஜன் தம்பிதான் குரூப்புல சொல்லணும். செல்வி தண்ணி பிடிக்கதா, போனைப் பிடிக்கதா? தம்பி சொல்லுத வரைக்கும் நான் தறியில கை வைக்க மாட்டேன்.”

அப்படியாப்பட்ட வேலைய இதுக்கு முன்னால யாரும் மகாராஜனுக்குக் குடுத்தது இல்ல. லாண்டரியில சூப்பர்வைசர்ட்ட சொல்லி வச்சிட்டான், ஊர்ல தண்ணி வந்தா ரெண்டு நிமிசம் போன் எடுப்பேன், நான் சொன்னாத்தான் அங்க தறி ஓடும்னு. சூப்பர்வைசர் மலையாளி. “நீ இங்க இருந்து சொன்னா அங்க தறி ஓடுமா?”ன்னு கேட்டுட்டு நம்பாமப் போனான்.

இந்த வாரம் குடம் விழுந்துச்சு. தறி நின்னுச்சு. மகாராஜன் ஒரு கையில தேய்ப்புப் பெட்டி, ஒரு கையில போன்.

“செல்வி, டிரம்மு?”

“நெறஞ்சிட்டு.”

“குடமெல்லாம்?”

“நெறஞ்சிட்டு. ரூபியா வந்து எடுத்து வச்சிட்டுப் போயிட்டா. நான் ஒண்ணத்தையும் தொடல.”

“ரத்தம் கித்தம்?”

“அதெல்லாம் நின்னு எம்புட்டோ நாளாச்சு. டாக்டரம்மா நல்லா ஆறிருக்குன்னு சொல்லிட்டு.”

“வேற ஏதும் பிடிக்கணுமா? அண்டா, சட்டி?”

அதுக்குள்ள குரூப்புல பாண்டிராஜ் வாய்ஸ். “ஏ மாராசா, சீக்கிரம் சொல்லுலே! தறியாளுக ரெண்டாவது டீ குடிச்சாச்சு, அக்கா பர்ஸு காலி!” அதுக்குக் கீழ, எந்தக் குத்தலும் இல்லாம, சங்கரலிங்கம் அண்ணாச்சி. “தம்பிய வெரட்டாதீங்கப்பா. பிள்ள நல்லா பிடிச்சு முடிக்கட்டும்.”

செல்வி சிரிக்கது போன்ல கேட்டுச்சு. “போதுங்க. நான் போய்க் கொஞ்சம் படுக்கேன்.”

மகாராஜன் தேய்ப்புப் பெட்டிய ஓரமா வச்சிட்டு, ரெண்டு கையாலயும் எழுதுனான். ‘கடைசி வீடு நெறஞ்சிட்டு. அக்கா, தறிய ஓட்டுங்க.’