ஒரு பிடி பச்சைப் புல்

'டர்ர்ர்ர்!'

அந்தச் சத்தம் கேட்டதும் நஷிபாயின் கையிலிருந்த பால் குடுக்கை நழுவித் தரையில் உருண்டது. மோட்டார் ரம்பம்! கன்றுகளின் மேய்ச்சல் நிலத்திலிருந்துதான் வருகிறது. எழ முடியாமல் படுத்திருந்த செவலைக் கன்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

பெரிய மாடுகளைத் தண்ணீர் தேடி மசாய் இளைஞர்கள் தொலைவுக்கு ஓட்டிப் போய்விடுவார்கள். அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லாத கன்றுகளுக்காகக் குடிசைகளை ஒட்டி ஒதுக்கிய நிலம் அது. நஷிபாயின் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு பர்முவாட்டுக்கும் பொது. மழை பொய்த்த இந்த வருஷம் கன்றுகள் பிழைப்பதும் சாவதும் அதை நம்பித்தான்.

அவள் கணவன் கோய்லேக்கன் முன்பு அங்கே அடர்ந்து கிடந்த முட்புதர்களை வெட்டி எறிந்தான். அடுத்த மழையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. ஊரே மெச்சியது. அந்த மிதப்பில் குடைவேல மரங்களையும் ஒவ்வொன்றாகச் சாய்க்கத் தொடங்கிவிட்டான். மழை இருந்தவரை குறை தெரியவில்லை. இப்போது மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மரம். அதன் அடியில்தான், மரத்தை வெட்டிக் கரி சுட்டு விற்கும் கரிக்காரன் ரம்பத்தோடு நின்றான்; பக்கத்தில் கோய்லேக்கன்.

"சிமெல் அப்பா!" பிள்ளை பேரைச் சொல்லிக் கணவனைக் கூப்பிட்டாள். "வேணாம், நிறுத்தச் சொல்லு!"

"நீ போய்ப் பாலைக் கற. நிழல் விழுந்தா புல்லு எப்படி வரும்? புதரை வெட்டினப்ப வந்துச்சா இல்லையா?"

"பாலா? எந்த மடியில இருக்கு பாலு?"

அவன் பதில் சொல்லுமுன் பர்முவாட் கைத்தடியோடு வந்துவிட்டான். முன்பொரு முறை கிடாரிக் கன்று கொடுத்து வாங்கிய சிநேகிதர்கள் இருவரும். அன்றிலிருந்து பேர் சொல்லாமல், அந்தக் கிடாரி உறவைக் குறிக்கும் 'பாஷே' என்ற சொல்லால்தான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள்.

"டேய் கோய்லேக்கன்!"

நஷிபாய் சட்டென்று திரும்பினாள். பேர் சொல்லிவிட்டானே!

"என் கன்னு மேயுற எடத்தைக் கரியாக்க எவன்டா உன்னைக் கேட்டான்?"

"புல்லு வரட்டும்னுதான் வெட்டுறேன்."

"ஆமா, போன தடவை வெட்டின எடத்துல அலை அலையா ஆடுது பாரு! உன் மொட்டை மண்டைக்கும் அந்தத் தரைக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல."

கரிக்காரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் வினை. கோய்லேக்கன் தடியை ஓங்கினான். சிங்கத்தின் மண்டையையே பிளக்கிற தடி.

நஷிபாய்க்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புல்லைப் பிடுங்கி நீட்டிவிட்டால் போதும். புல் ஏந்தி நிற்பவர் முன்னால் தடி ஓங்க எந்த மசாயும் துணியமாட்டான். குனிந்து தரையைப் பற்றினாள். கையோடு வந்தது புழுதி. வெட்டிய மரம் ஒன்றின் அடிக்கட்டைக்கு ஓடினாள். அங்கும் புழுதி. இன்னொன்று. ஒரு காய்ந்த வேர் விரலிடுக்கில் பொடிந்து போயிற்று. முதுகுக்குப் பின்னால் தடியோடு தடி மோதும் சத்தம்.

"கடவுளே, ஒரு பிடி! ஒரே ஒரு பிடி!"

நின்றிருந்த அந்த ஒற்றை மரத்தின் அடி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. "ஏ பொம்பளை, தள்ளு!" என்று கரிக்காரன் அலறியதையும் கேட்காமல் அவன் முழங்கைக்குக் கீழே நுழைந்து நிழலுக்குள் விழுந்தாள். குட்டையாக, ஆனால் பச்சையாக, புல். இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டு ஓடி இருவருக்கும் நடுவில் நின்றாள்.

தடிகள் அந்தரத்தில் நின்றன. முதலில் பர்முவாட் இறக்கினான். கோய்லேக்கன் மூச்சிரைக்க அவள் கையையே பார்த்தான்.

"இந்த வறட்சியில பச்சைப் புல்லு எங்க கிடைச்சுது?"

"நீ வெட்டின எடமெல்லாம் தேடினேன், மண்ணுதான் வந்துச்சு. நீ வெட்டப் போற எடத்துல கிடைச்சுது."

அவன் மெதுவாக மரத்தடிக்குப் போய்க் குந்தினான். விரலால் மண்ணைக் கிளறினான். குளிர்ந்திருந்தது. உதிர்ந்த இலையும், நிழலுக்கு ஒதுங்கிய கன்றுகள் போட்ட சாணியும் மக்கிக் கிடந்தன. நிழல் முடிந்த இடத்தில் புல்லும் முடிந்திருந்தது. அப்பால், அவன் சாய்த்த மரங்களின் மொட்டைக் கட்டைகள்.

"என்னங்க, அறுக்கட்டுமா? பொழுது போகுது," என்றான் கரிக்காரன்.

"ரம்பத்தை அணைய்யா! புல்லை நெரிக்கிறது புதரு, புல்லைக் காக்கிறது மரம். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு வெட்டினது நானு. பட்டினி கிடக்கிறது கன்னுக்குட்டிங்க!"