பத்தொன்பதாவது வரி: ஓடிய தூரம்

மேலப்புதூரில் புதுக் கார் வாங்கினால் பழைய காரையும் ஒப்பீட்டு அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். படிவத்தில் பத்தொன்பது வரிகள். ஒன்றிலாவது பழையது வென்றால் வீட்டிலேயே இருக்கலாம். எல்லாவற்றிலும் தோற்றால் காயலான் கடைக்குப் போகும். ஓட்டியவரின் லைசென்ஸும் கூடவே போகும்.

புதுக் காரை வாங்கியவள் மகள் ஹேமலதா. பழையதை ஓட்டி வந்தவள் அவளுடைய அம்மா, எழுபத்தொரு வயது சுலோசனா. லைசென்ஸை ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்.

அதிகாரி செல்வின் ஒவ்வொரு வரியாக வாசித்தார். குதிரைசக்தி: முப்பத்தேழு, எண்பத்திரண்டு. கியர்: நான்கு, ஆறு. காற்றுப்பை புதியதில் ஆறு. பழையதில்?

சுலோசனா யோசித்து, "ஒரு தலையணை இருக்கு" என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டு, ஆறுதான் பெரியது என்றார்.

பதினெட்டு வரிகள் போயின. மிச்சம் ஓடிய தூரம்; அதில் குறைந்த எண்ணே வெல்லும். பழைய காரின் மீட்டரில் ஐந்து இலக்கங்களுக்குத்தான் இடம். அவை 99,994 என்று நின்றன.

"எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?" என்று சுலோசனா கேட்டாள்.

"அஞ்சு."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். வளாகத்து வேப்பமரத்தை ஒரு சுற்று வந்தால் நூறு மீட்டர். அறுபது சுற்று.

இருபதாவது சுற்றில் ஹேமலதா குறுக்கே வந்தாள். "பிடிவாதம் வேண்டாம்மா. தலை சுத்தும்."

"சுத்துறது காருடி. நான் உட்கார்ந்துதானே இருக்கேன்."

ஐம்பதாவது சுற்றில் வேப்பம்பூ கண்ணாடியை மூடியது. அவள் துடைக்கவில்லை. வழி மனப்பாடமாகியிருந்தது.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் செல்வின் எட்டிப் பார்த்தார். ஐந்து பூஜ்யங்கள். புதுக் கார் முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

"பழையது ஜெயிச்சிருக்கு" என்று எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார். "ஆனா ஓடவே ஓடாத வண்டியை முப்பத்து மூணு வருஷமா ஓட்டினதா உங்க லைசென்ஸ்ல இருக்கே."

"திருத்துங்க."

"பிறந்த தேதி இன்னைக்குன்னு போடுறேன். அம்மா பேர்?"

"ஹேமலதா."

தாயார் என்ற இடத்தில் ஹேமலதா கையெழுத்திட்டாள். பழைய காரின் முகப்பில் சிவப்பு 'எல்' போர்டை ஒட்டிவிட்டு, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"கிளட்சை மெதுவா விடு, கண்ணு" என்றாள்.

சுலோசனா முதல் கியரைப் போட்டாள்.