வேகாத கல்

அன்று காலை யோசாமு கஞ்சிக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல சோளம் எங்க இருக்குன்னு நாலாங் கிளாஸ் பிள்ளைங்களைத்தான் தேடச் சொல்லணும்" என்றான்.

மலிதா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "கிடைச்சா சொல்லுங்க, நானும் கொஞ்சம் சாப்பிடறேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி நிலக்கடலை மாவைப் போட்டுக் கலக்கிக் குடித்தான். மகள் எதினாலா பையை மாட்டிக்கொண்டு முன்னால் ஓட, அவன் பின்னால் பாடம் நடத்தப் பள்ளிக்குப் போனான். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு மூன்றாவது வகுப்பறையின் பின்சுவர் விழுந்தது. பிள்ளைகள் அத்தனை பேரையும் அவன் வெளியே தள்ளிவிட்டான். எதினாலாவும் அதில் ஒருத்தி. அவன் மட்டும் வரவில்லை.

சுவர் ஏன் விழுந்தது என்று சிம்வெரே ஊரில் எல்லோருக்கும் தெரியும். மலிதாவுக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

பள்ளி கட்டித்தர வந்த அறக்கட்டளையின் ஏற்பாடு இதுதான்: செங்கல்லும் மணலும் ஊர் தர வேண்டும், சிமெண்டும் கூரைத் தகரமும் அவர்கள் தருவார்கள். செப்டம்பருக்குள் கல் தயாராகாவிட்டால் தகரம் வேறு ஊருக்குப் போய்விடும். இரண்டு சூளைகள் நன்றாக வெந்தன. மூன்றாவதற்குத் தீ வைத்த மறுநாள் மலிதாவின் அண்ணன் இறந்தான். சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஊரில் ஒரு வேலையும் நடக்காது. குழி வெட்டுகிறவர்களைத் தவிர யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். யோசாமு மட்டும் தயங்கித் தயங்கி அவளிடம் வந்து, யாராவது ஓர் ஆள் போய் சூளைக்கு விறகு தள்ளினால் தப்பா என்று கேட்டான்.

"எங்கண்ணன் பாயில கிடக்கறப்போ உங்க சூளை புகையணுமா? ஊர் என்ன பேசும்?"

அவன் போய் மற்ற ஆண்களோடு உட்கார்ந்துகொண்டான். தீ அணைந்துபோனது. மறுபடி மூட்ட விறகும் இல்லை, நாளும் இல்லை. வெளிவரிசைக் கற்கள் மஞ்சள் பூத்து, நகத்தால் கீறினாலே பொடியாக உதிர்ந்தன. அவற்றைப் பின்சுவருக்கு வைத்தார்கள். பின்பக்கத்தை யாரும் படம் எடுக்க மாட்டார்கள் என்று கொத்தனார் சொன்னபோது ஊரே சிரித்தது. மலிதாவும் சிரித்தாள்.

யோசாமுவை அடக்கம் செய்த மூன்றாம் வாரம் அறக்கட்டளை அதிகாரி கொண்டோவே வந்தார். நல்ல மனிதர்தான். பாயில் உட்கார்ந்து துக்கம் விசாரித்தார். பிறகு, யோசாமுவின் பெயரைக் கல்லில் பொறித்துப் பள்ளி வாசலில் வைக்கலாம் என்றார். மலிதா பெயர்க்கல் வேண்டாம், சுவர் போதும் என்றாள். பிள்ளைகள் மறுபடியும் மாமரத்தடியில் நனைகிறார்கள் என்றாள்.

"அங்கதாம்மா சிக்கல். கட்டடம் முடிஞ்சதா அறிக்கை போயாச்சு. முடிஞ்ச கட்டடத்துக்கு மறுபடி சிமெண்ட் கேக்கப் படிவம் கிடையாது."

"விழுந்ததை நீங்களே பாத்தீங்களே?"

"பாத்தேன். அதை எழுதறதுக்கு அதுல இடம் இல்லம்மா."

ஊர் புதிதாகக் கல் சுட்டு வைத்தால், புதுக் கட்டடம் என்று விண்ணப்பிக்கலாம், ஆகஸ்ட் கடைசிக்குள் என்றார். எதையாவது தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது மலிதாவுக்கு. கையில் அவருக்கென்று கொண்டுவந்த தண்ணீர்க் குவளைதான் இருந்தது. அதை அவரிடம் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட்டாள். பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் வருவதாகச் சொன்னார்கள். ஜூலையில் சூளைக்குத் தீ வைத்தார்கள். மறுநாளே ஊர்த்தலைவரின் சின்னம்மா இறந்துபோனாள்.

மலிதா துக்கத்துக்குக் கொடுக்கும் மாவுத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாள், மற்றவர்களோடு உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து சூளைக்கு வந்தாள். தீ அமுங்கத் தொடங்கியிருந்தது. விறகைத் தள்ளினாள்.

புகையைப் பார்த்துவிட்டு வந்தவள் நாசிபெகோ, இறந்துபோன அண்ணனின் மனைவி.

"எதினாலா அம்மா, உங்கண்ணன் சாவுக்கு ஊரே கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணி. அதனாலதான் இங்க நிக்கறேன்."

"நாளைக்கு உன் வீட்டுல ஒண்ணு விழுந்தா குழி வெட்ட ஒருத்தன் வரமாட்டான்."

"விழுந்தாச்சு, வெட்டியாச்சு. அந்தக் கட்டையை இப்படித் தள்ளுங்க."

நாசிபெகோ தள்ளவில்லை. சாவு வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். ஊர்த்தலைவர் ஓர் ஆடு அபராதம் போட்டார். மலிதா தன்னிடமிருந்த ஒரே ஆட்டை ஓட்டிக்கொண்டுபோய்க் கட்டினாள். அதன்பிறகு கிணற்றடியில் அவளுக்கு யாரும் குடத்தைத் தூக்கிவிடவில்லை.

கல் நன்றாக வெந்திருந்தது. தட்டினால் மணி மாதிரி ஒலித்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரமே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கொண்டோவே அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் தொலைபேசியில், சிம்வெரேயில்தான் ஏற்கெனவே கட்டடம் முடிந்திருக்கிறதே என்று கேட்டார். மலிதா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் இணைப்பு அறுந்துவிட்டது.

புல்லால் மூடிய கற்கள் பள்ளிக்குப் பின்னால் அடுக்கியபடி இருக்கின்றன. சாலையோரத்துப் பலகையில், மூன்று வகுப்பறைகள், பணி முடிந்தது என்று எழுதியிருக்கிறது.