ஞாயிற்றுக்கிழமை ஊசி

எங்கள் ஊரில் பெண்ணுக்கு நிறம் இருந்தால் நிறத்தைச் சொல்வார்கள். சொத்து இருந்தால் சொத்தைச் சொல்வார்கள். ரெண்டும் இல்லாதவளுக்கு இருக்கவே இருக்கிறது, சுறுசுறுப்பு. தரகர் சின்னக்கண்ணு போகிற இடமெல்லாம் எனக்கு அதைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

மில்லில் ஸ்டிரைக் நடந்து அப்பாவுக்கு வேலை போன வருஷம் அது. என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் பதிலே சொல்லவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் என்னைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். எனக்கு மடத்துக்குப் போகத் துளியும் இஷ்டமில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அரியாங்குப்பத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயார் பெர்னதெத் அம்மாள் வந்தார். வாசலில் ரிக்‌ஷா நின்றதுமே அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சும்மா குந்திக்கினு இருக்காதடி புஷ்பம். கையில எதனா வேல இருக்கட்டும்" என்று என் தையலை எடுத்து மடியில் போட்டாள். நானும் பதற்றத்தில் பரபரவென்று தைத்தேன்.

பெர்னதெத் அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்தார்.

"ஆண்டவர் நாள்ல ஊசி புடிக்கலாமா?"

அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை தைப்பது பாவம் என்று சின்ன வயசிலேயே கோயில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்தவள் நான்.

"கோயில் பீடத்துல விரிக்கிறதுக்குங்க" என்றாள் அம்மா, கூசாமல்.

அவர் துணியை வாங்கி விரித்தார். தலையணை உறை. ஓரத்தில் ரெண்டு கிளி வேறு. மடித்துக் கொடுத்துவிட்டு, காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

சாயங்காலம் வரை அம்மா அடுப்பு மூட்டவில்லை. அப்பா மடத்துத் தாயாரைப் பார்க்கச் சட்டையை மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்தார்.

"முடிஞ்சுதுங்க" என்றார் சின்னக்கண்ணு, வாயெல்லாம் பல்லாக. "'ஞாயித்துக்கெழமகூட கை சும்மா இல்லாத பொண்ணு, நமக்கு இதான் வேணும். பாவத்துக்குச் சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம்'னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. வீட்டு வேலைக்காரியக்கூட நிறுத்திட்டாங்களாம்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். அப்பா சட்டையைக் கழற்றினார்.

"அந்த வீட்ல மொத்தம் எத்தினி பேருங்க?" என்று கேட்டேன்.

தரகர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை போதவில்லை.