அந்த ஆள் கொடுத்த தண்ணீர்

என் வீட்டுக்காரரை ஊரே வாயார வையவேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. நடிக்க வந்த நாளிலிருந்து அவருக்குக் கிடைத்ததெல்லாம் பிண வேஷம்தான். கிணற்றில் மிதப்பார், கார் டிக்கியில் சுருண்டு கிடப்பார், வெள்ளைத் துணிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். பிணத்தின் பெண்டாட்டி என்று பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை. அதனால் என் அழகு நிலையத்துக்கு வருகிற யாரிடமும் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

இப்போது ஓடுகிற துப்பறியும் தொடரில்தான் முதல்முறையாக உயிரோடு வந்தார். லாட்ஜ் மேனேஜர் வேஷம். வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகமாகத் தண்ணீர் கொடுப்பார். நேற்று வந்த கடைசிக்கு முந்தின பகுதியில் குட்டை உடைத்துவிட்டார்கள். லாட்ஜில் செத்த அத்தனை பேரையும் கொன்றது அந்தத் தண்ணீர்தான். இயக்குநர் முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தார். ஜனங்கள் பயந்தால் அடுத்த தொடரில் இவர்தான் வில்லன், பரிதாபப்பட்டால் பழையபடி வெள்ளைத் துணி. தொடரின் இணையப் பக்கத்தில் பார்வையாளர்கள் எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிற மனுஷர் அவர்.

காலையில் கடை திறந்ததும் பேங்க் அக்கா வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அந்தப் பக்கத்தில் நீளமாக எழுதுகிறவர் இவர். இவர் ஒன்று சொன்னால் பெரிய கும்பலே 'ஆமாம் அக்கா' என்று பின்னால் வரும். நேற்றைய பகுதியைப் பற்றி இன்னும் எழுதவில்லையாம். புருவம் திருத்தி முடித்ததும் எழுதுவாராம்.

புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனை என் பல்லுக்கிடையில் இருக்கும், மீதி இரண்டு கையிலும். நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றித் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்வார். ஆக, பேசுவது அவர், வாயடைத்து நிற்பது நான்.

"அந்த மேனேஜர் கொன்னிருக்கவே மாட்டார்," என்றார் பேங்க் அக்கா. "தன் தம்பியைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்கறார். பாவம், அந்த முகத்தைப் பாத்தாலே தெரியலையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த முகம்? கண் இமைக்காமல் சிரிக்கவேண்டும் என்று மாதக்கணக்காகக் கண்ணாடி முன் நின்று, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் பழகிய முகம் அது. நூலைக் கடித்தபடி 'ம்ஹும்' என்றேன். அவர் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார். பெஞ்சில் காத்திருந்த நர்ஸ் வேறு, லாட்ஜ் சமையல்காரன்தான் கொலைகாரன், மேனேஜர் குழந்தை மாதிரி என்று ஒத்து ஊதினாள். ஆத்திரத்தை முழுங்கி முழுங்கி எனக்கு விக்கல் வந்துவிட்டது. நூல் அறுந்தது. ஒரு புருவம் வில்லாகவும் மற்றது புதராகவும் நின்றது.

திடீரென்று யாராவது பயமுறுத்தினால் விக்கல் நின்றுவிடும் என்றாள் நர்ஸ்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். கடையில் குழாய் கிடையாது, கீழேயிருந்து தினமும் கேனில் பிடித்துக் கொண்டுவருவது அவர்தான். இன்றைக்கு முகத்தைக் காட்டாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை போலும். என் விக்கல் சத்தம் கேட்டதும் வேறெதையும் பார்க்காமல் ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"களைப்பா இருப்ப, ஒரு வாய் குடி."

வீட்டில் எப்போதும் சொல்வதுதான். லாட்ஜ் மேனேஜருக்கு இந்த வசனத்தைக் கொடுத்ததே அவர்தான்.

பேங்க் அக்கா கண்ணைத் திறந்தார்.

"ஐயோ, குடிக்காதீங்க!"

தட்டிவிட்ட வேகத்தில் தம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. நர்ஸ் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய்விட்டாள். பேங்க் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இத்தனை கலவரத்திலும் என் விக்கல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. "அம்மா, நீங்க புண்ணியவதி. இப்ப நடந்ததை அப்படியே எழுதிடுவீங்களா?" என்றார்.

இவர் என் வீட்டுக்காரர் என்று விக்கலுக்கு நடுவே சொல்லிமுடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பேங்க் அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பாவம் என்று எழுதத்தான் இருந்தாராம். பாதிப் புருவத்தோடு போனை எடுத்து எழுதினார்: 'இன்று காலை ஓர் உயிரைக் காப்பாற்றினேன். அந்த ஆள் கையால் மட்டும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிடாதீர்கள்.'

விக்கலோடு விக்கலாக இரண்டாவது புருவத்தையும் முடித்தேன், கொஞ்சம் கோணல்தான். அதற்குள் கருத்துகள் மளமளவென்று வந்து விழுந்தன. பேங்க் அக்கா படிக்கப் படிக்க எனக்குக் காது குளிர்ந்தது. பார்த்தாலே குலை நடுங்குகிறதாம். நாசமாகப் போவானாம். கட்டையில் போகிறவனாம்.

என் வீட்டுக்காரருக்கு இயக்குநரிடமிருந்து போன் வந்தது. படிக்கட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார்.

"இனிமே எனக்குப் படுக்கிற வேலை இல்லையாம்," என்றார்.

நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த சந்தோஷம் மொத்தமாக வந்தது. கிளம்பும்போது பேங்க் அக்கா என் காதருகே குனிந்து, இந்த ஆள் கையால் எப்படித்தான் தினமும் குடிக்கிறாயோ என்றார். போங்கள் அக்கா என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

விக்கல் மறுபடி தூக்கிப் போட்டது. அவர் இன்னொரு தம்ளர் ஊற்றி, அதே சிரிப்போடு நீட்டினார். வாங்கினேன். உதடுவரை கொண்டுபோனேன். அங்கே என் கை நின்றது. ஒரு நொடிதான், ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

"அவ்வளவு பேர் எழுதினதைவிட எனக்கு இது போதும்டி," என்றார்.

வெட்கமாக இருந்தது. மடமடவென்று குடித்தேன். ஆனால் விக்கல் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.