நாலாம் விரல் இல்லாத தாள்கள்

என் தம்பிக்கு ஆர்கெஸ்ட்ராவை நடத்தத் தெரியும், எழுதத் தெரியாது. எழுதுவதற்குத்தான் இளிச்சவாய் அக்கா ஒருத்தி இருக்கிறேனே. சர்ச்சில் பாடும் பழைய பாமாலைப் பாட்டு ஒன்றைப் பியானோவுக்கும் நாற்பது வாத்தியங்களுக்குமாக எழுதித் தரச் சொன்னான். "பியானோ நீதான்க்கா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத் தலையாட்டினேன்.

ஐந்து மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. வயலின் தாள்கள் ஒரு பக்கம், புல்லாங்குழல் ஒரு பக்கம். கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள நான் நின்னுக்கிட்டே சாப்பிடப் பழகிடுவேன்" என்றார். மெட்டை முதலில் செல்லோவிடம் கொடுத்தேன், பிறகு எல்லோரிடமும். கடைசிச் சரணத்தில் அத்தனை பேரையும் வாயடைக்க வைத்துவிட்டுப் பியானோவை மட்டும் தனியாக விட்டேன். அது எனக்காக எழுதிக்கொண்டது. சொல்ல என்ன வெட்கம்? நான் மேடையில் உட்கார்ந்து இருபது வருஷமாகிறது.

என் இடது கை மோதிர விரல் மடங்காது. இருபது வருஷத்துக்கு முன் தம்பி ஏதோ அவசரத்தில் கார் கதவை அறைந்து சாத்தியபோது என் கை அங்கே இருந்தது. அன்றைக்கு என்னைவிட அதிகமாக அழுதவன் அவன்தான்.

பியானோக்காரர்கள் கட்டைவிரலை ஒன்று என்று எண்ணுவார்கள். மோதிர விரல் நாலு. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று தாளிலேயே எண் போடுவோம். என் தாள்களில் இடது கைக்கு நாலு கிடையாது. அந்த விரல் இல்லாத குறை காதுக்குத் தெரியாதபடி ஒவ்வொரு சுரமாக மாற்றி மாற்றி எழுதியிருந்தேன்.

ஒத்திகைக்கு முந்தின நாள் தம்பி போன் செய்தான். "தப்பா நினைக்காதக்கா. மியூசிக் ஸ்கூல் வாத்தியார் வாசிக்கிறேன்னுட்டாரு, பேரு உள்ள ஆளு. நீ பக்கத்துல உக்காந்து தாள் திருப்பேன்."

போயிருக்கக் கூடாது. ஆனால் நான் எழுதியதை நாற்பது பேர் வாசித்துக் கேட்கும் ஆசை மானத்தைவிடப் பெரிதாக இருந்தது. போனேன்.

கடைசிச் சரணத்தில் வாத்தியார் நிறுத்தினார். "இடது கைக்கு நாலே வரலையே, ஏன்?"

தம்பி சிரித்தான். "எங்க அக்காவுக்கு நாலுன்னா ஆகாது போல! உங்க வசதிக்கு மாத்திக்குங்க சார்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் தம்பியின் முகத்தையே பார்த்தேன். மறைக்கிறானா என்று தேடினேன். அவன் எதையும் மறைக்கவில்லை. சுத்தமாக மறந்துபோயிருந்தான்.

வாத்தியார் பென்சிலால் அங்கங்கே நாலு போட்டார், சில சுரங்களைச் சேர்த்தார், மறுபடி வாசித்தார். நன்றாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தாளின் கடைசி வரி வந்தது. எழுந்து இடது கையை நீட்டித் திருப்பினேன். மற்ற விரல்கள் தாளைப் பிடித்தன, மோதிர விரல் மட்டும் விறைத்து நின்றது. வாத்தியாரின் கண் அதில் விழுந்தது. வாசிப்பு நின்றது. அவர் பென்சில் எண்களை அழிக்க ரப்பரைத் தேடி எடுத்தார்.

"என்ன சார் நிறுத்திட்டீங்க?" என்றான் தம்பி.

அவர் என்னைப் பார்த்தார். நான் ரப்பரை வாங்கி பியானோ மூடியின் மேல் வைத்தேன்.

"வாசிங்க சார்" என்றேன். "அவனுக்கு நேரமாகுது."