திறந்த பூட்டை மறுபடி பூட்டியவள்

1.

நெதர்லாந்தின் ஸ்வோலே நகரத்தில், சாவியில்லாமல் பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் பூட்டுச் சங்கத்தில், காபி ஆறிக்கொண்டிருந்தபோது, இந்தக் கதை பாதிதான் என் காதில் விழுந்தது. மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: “வீட்ஸ்கேயின் விரல்கள் மந்திர—”

அடித்துவிட்டேன். சங்கத்தில் கைதேர்ந்தவளான வீட்ஸ்கேயிடம் மந்திரம் ஒன்றும் கிடையாது. சாவி மாதிரியான தகட்டில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிப் பூட்டுக்குள் நுழைப்பாள். லேசாக முறுக்கியபடியே அசைப்பாள். உள்ளே இருக்கும் சிறு உலோக முட்கள் தாளை அழுத்தி, தங்களுக்கு வேண்டிய பள்ளங்களைத் தாங்களே போட்டுக்கொள்ளும். பூட்டு தனக்குத்தானே சாவி செய்துகொள்கிறவரை அவள் காத்திருப்பாள், அவ்வளவுதான். அந்தப் பொறுமையைப் பார்க்கத்தான் வாரந்தவறாமல் போகிறேன்.

(சங்கத்து வழக்கம் இரண்டு. திறந்தவர் உடனே பூட்டிவிட்டுத்தான் பூட்டை அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். புழங்குகிற கதவைத் தொடவே கூடாது.)

2.

வீட்ஸ்கேயின் மேல்வீட்டுக்காரி டீனெகே கைப்பையைப் பேருந்தில் விட்டுவிட்டாள். வீட்டுச் சாவி அதில். உள்ளே அவள் கணவர் கெர்பென் விழுந்து கிடக்கிறார், இதய நோயாளி. முனகல் கேட்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, இன்னும் வரவில்லை.

“வீட்ஸ்கே, ஓடி வாடி! அந்தத் தாளை எடுத்துட்டு வா!”

“புழங்குற கதவைத் தொட மாட்டோம் டீனெகே. பூட்டு கெட்டுப்போச்சுன்னா அப்புறம் யாராலயும்—”

“உங்க சட்டத்தைக் கொண்டுபோய்க் கால்வாய்ல போடு! என் மனுஷன் சாகுறாரு!”

[இங்கே அவளை அரைப் பக்கம் தயங்க வைத்திருந்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கிழித்துப் போட்டேன்.]

மண்டியிட்டாள். டீனெகே பின்னால் நின்று அழ, வீட்ஸ்கேயின் மணிக்கட்டு ஒரே சீராக அசைந்தது. என்ன கை அது! எனக்கு எழுத்தில் அந்த நிதானம் ஒரு நாளும் வந்ததில்லை.

பூட்டு திரும்பியது.

உடனே அதைத் திருப்பிப் பூட்டி, தகட்டை உருவிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளிருந்து கெர்பெனின் குரல் மெல்ல வந்தது: “திறந்துச்சேம்மா... எதுக்கு மறுபடி பூட்டினே? இதென்ன, போட்டியா நடக்குது?”

3.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை அறுத்தார்கள். அதில் வீட்ஸ்கே வெறும் அசடாகிப் போனாள். இன்னொன்றில் கெர்பென் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது, படித்தபோது நம்ப முடியவில்லை. மூன்றாவதாக, வாசகரே, நான்—

வீட்ஸ்கே எனக்காகக் காத்திருக்கவில்லை. உருவும்போது தாள் கிழிந்து பாழாகிவிட்டது. புதுத் தாளைச் சுற்றி நுழைக்கிறாள். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, மணிக்கட்டு மட்டும் அதே சீரில் அசைகிறது.

“கெர்பென் அண்ணே, பேசிட்டே இருங்க! என்னைத் திட்டவாவது திட்டுங்க!”

உள்ளே முனகலும் நின்றுபோயிருக்கிறது.

பூட்டு திரும்புகிறது. இந்த முறை அவள் கையை எடுக்கவில்லை. கதவைத் தள்ளுகிறாள்.

அவள் தன் வேலையை முடித்துவிட்டாள். உள்ளே போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை. எனக்குக் கால் எழவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, நீங்கள் முன்னால் போங்கள்.